டிக்கியில் இடமில்லை

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மச்சினனிடமிருந்து ஒரு எக்செல் ஷீட் வந்து விழுந்தது. தலைப்பு 'ஃபேமிலி டூர் ஃபைனல்'. முதல் வரி: 'திங்கள், காலை 4.30, புறப்பாடு.' மச்சினன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். டூருக்கு அவர் வரவில்லை. வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, பின் சீட்டில் அடித்துக்கொள்ளப்போகிற பிள்ளைகள் என்னுடையவர்கள். திட்டம் மட்டும் அவருடையது. 'அத்தான், நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம், இதப் பாத்து அப்படியே போய்ட்டே இருங்க' என்று கீழே ஒரு குறிப்பு வேறு. நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் என் அம்மா உட்பட எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

நாலரைக்குக் கிளம்பிய குடும்பம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டு வருகிறேன். நாலரைக்குக் கிளம்புவது என்றால் நாலரைக்கு அலாரத்தை அணைப்பது. ஆறு மணிக்குத் தண்ணி மோட்டார். ஏழு மணிக்கு, 'இவ்வளவு ஆயிருச்சு, பிள்ளைக ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போகட்டுமே.' எட்டரைக்கு டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் ராமேஸ்வரம், செவ்வாய் தஞ்சாவூர், புதன் திருச்சி, வியாழன் மதுரை, வெள்ளி சனி கொடைக்கானல், ஞாயிறு திரும்பவும் எங்கள் சாத்தூர். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம். ஒரு கிணற்றுக்கு ஒன்றரை நிமிஷம்கூட வரவில்லை. அம்மா சேலையைப் பிழிவதற்கே பத்து நிமிஷம் வேண்டும். ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோவிலுக்கு மச்சினன் ஒதுக்கியிருப்பது 45 நிமிஷம், செருப்பு விடுவது உட்பட.

பிள்ளைகளோடு ஒரு வாரம் காரில் போவதற்கு எப்படித் திட்டம் போட வேண்டும் என்று எனக்கென்று ஒரு முறை உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த லீவு சமாச்சாரத்தைப் பேசிவிடுவோம்.

ஊர் உலகத்துக்கெல்லாம் லீவு நாளைச் சிவப்பு மையில் அடித்துக் கொடுப்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் வெளியாகிவிடும். எந்தெந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாகிறது என்று உங்களுக்கெல்லாம் தெரிவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே நாங்கள் வயிறெரிந்து முடித்திருப்போம். ஆனால் அந்தச் சிவப்பு நாளில் ஒன்றுகூட எங்களுக்கு ஆகாது. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அண்ணனுக்கு நாலுவழிச் சாலையில் பட்டாசுக் கடை. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வரும். அப்போது ஊரிலுள்ள கார்களெல்லாம் எங்களைத் தேடி வந்து, 'போன வருஷத்தைவிட ரேட்டு ஏறிருக்கே' என்று நிற்கும். அவர்களை விட்டுவிட்டு நான் ஊட்டியில் படகு விட முடியாது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும்போது பள்ளிக்கூடம் திறந்து கிடக்கும். அரையாண்டு லீவு காலண்டர் பார்சல் போகிற நேரம். பொங்கலுக்கு உறவுக்காரர்கள் இங்கே வருவார்கள். மிச்சம் மே மாதம். அது நோட்டுப் புத்தகம் அடிக்கிற சீசன், ஊரே அடுப்பாகக் கொதிக்கும். ஆனாலும் முதலாளி ஒரு வாரம் விட்டார். எதற்கு விட்டார் என்று அவரும் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இனி அம்மா. காலையில் மச்சினனின் ஷீட்டைப் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தேன். அம்மா அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தினசரிக் காலண்டர் முன்னால் போய் நின்றார். "திங்கக்கிழம கிழக்கயாப்பா போறோம்? கிழக்க சூலம்லா." செவ்வாய் தஞ்சாவூர் போவது வடக்கே. செவ்வாய் வடக்கே சூலம். வியாழன் திருச்சியிலிருந்து மதுரைக்குத் தெற்கே இறங்குகிறோம், வியாழன் தெற்கே சூலம். வெள்ளி கொடைக்கானல், மேற்கு. வெள்ளி மேற்கே சூலம். நாலு திசை, நாலு சூலம், ஒன்றைக்கூட மச்சினன் தவறவிடவில்லை. ஜோசியரை உட்காரவைத்துக் கேட்டாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது. பரிகாரத்துக்குத் திங்கள் தயிர், செவ்வாய் பால், வியாழன் தைலம், வெள்ளி வெல்லம் எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. கிளம்பவேண்டிய நேரமும் மாறிவிட்டது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம், ஆகவே ஏழரைக்குள் வாசலைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் ஒன்பதுக்கு மேல். நான் அப்போதே ஒன்பதே கால் என்று குறித்துக்கொண்டேன்.

இதுவரை தாங்கிக்கொண்டேன். அடுத்தது சேவு.

சாத்தூர்க்காரனாகப் பிறந்தவன் வெறுங்கையோடு ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. இது பேனா நிப்பு செய்த ஊர், தீப்பெட்டி செய்கிற ஊர், காமராஜர் 1957-லும் 1962-லும் நின்று ஜெயித்த தொகுதி. இதையெல்லாம் வெளியூரில் சொன்னால் "அப்படியா" என்று கேட்டுவிட்டு, "சேவு கொண்டாந்தீங்களா?" என்பார்கள். மச்சினன் போட்ட வழியில் பரமக்குடியில் மாமா இருக்கிறார், புதுக்கோட்டையில் மனைவியின் பெரியம்மா மகள், திருச்சியில் சித்தி, மதுரையில் அத்தை, வத்தலகுண்டில் அண்ணனின் சம்பந்தி. எனக்குச் சந்தேகம், வழியைப் போட்டது மச்சினன் இல்லை, அவர் அக்கா. ராமேஸ்வரமும் தஞ்சாவூரும் இவர்கள் வீட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர்கள்.

வீட்டுக்கு ஒரு கிலோ என்றால் ஐந்து கிலோவோடு முடிந்திருக்க வேண்டும். முடியாது. சித்திக்குக் காரம் ஆகாது, அவருக்கு மிளகுச் சேவு. சித்தப்பாவுக்குக் காரம் இல்லாவிட்டால் ஆகாது, அவருக்குத் தனியாக. அத்தைக்குப் பல் இல்லை, அவருக்குச் சீனிச் சேவு ஊறவைத்துச் சாப்பிடப் பிடிக்குமாம். மாமா வீட்டுக்கு மாடியில் குடியிருப்பவர்கள் போன தடவை ருசி பார்த்துவிட்டார்கள், அவர்களுக்கு அரைக்கிலோ. சம்பந்தி வீட்டுக்கு ஒரு கிலோ கொடுத்தால் மரியாதையாக இருக்குமா? இரண்டு. கொடுக்கும்போது பை சின்னதாகத் தெரியக் கூடாது என்று கொஞ்சம் சீவல், கொஞ்சம் பக்கோடா. "திருச்சியில சேவு கிடைக்காதா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அங்கே கடைக்குக் கடை 'சாத்தூர் காராச்சேவு' என்று போர்டு தொங்குகிறது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சேவு இல்லாமலே காரம் ஏறியது. "அதெல்லாம் சேவாங்க?"

ஒரு விஷயத்தில் அவள் சொல்வது சரி. கடலை மாவும் அரிசி மாவும் நசுக்கிய பூண்டும் சேர்ந்த மாவை, கண் வைத்த பெரிய கரண்டியில் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து எண்ணெயில் இறக்குகிற அந்தக் கை வெளியூரில் கிடையாது. மேலே மொறுமொறு, கடித்தால் உள்ளே மெது. வைப்பாற்றுத் தண்ணீர் செய்கிற வேலை என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இவ்வளவு ருசியான சாமான் இதுவரை ஒரு டூரிலும் எங்கள் வாயில் விழுந்ததில்லை. மகள் ஒரு பொட்டலத்தில் கை வைத்தால், "ஏ, அது சித்திக்கு!" மகன் இன்னொன்றை மோந்து பார்த்தால், "சம்பந்தி வீட்டுக்குப் பிரிச்ச பொட்டலத்தையா குடுப்பாக?" பின்னால் சேவு மணக்க, நாங்கள் பெட்ரோல் பங்கில் வாங்கிய காற்றடைத்த பாக்கெட்டைத் தின்றுகொண்டு போவோம்.

இதில் கொடைக்கானல் மலை மேல் பிளாஸ்டிக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் காகிதத்தில்தான் மடிக்க வேண்டும். காகிதத்தில் எண்ணெய் இறங்கும். ஒத்திகைக்கு ஒரு பொட்டலம் வாங்கி வைத்ததில், இறங்கிய எண்ணெய் மகளின் லீவு ஹோம்வொர்க் நோட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏழாம் வாய்ப்பாடு வரை கண்ணாடி மாதிரி தெரிகிறது. அவள் அழவில்லை, சந்தோஷமாக இருக்கிறாள். இ-பாஸ் எடுக்க உட்கார்ந்தேன். 2024 மே 7 முதல் ஹைகோர்ட் உத்தரவுப்படி எல்லா வெளியூர் வண்டிக்கும் அது வேண்டும். 2025 கோடையில் சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று கணக்கும் வைத்தார்கள். எத்தனை பேர், எங்கே தங்கல், எந்த வண்டி என்றெல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. எத்தனை கிலோ சேவு என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. கேட்டிருந்தால் சரக்கு வண்டிக் கணக்கில் போட்டிருப்பார்கள்.

திரும்பும்போது காலியாக வருவோம் என்று நினைக்காதீர்கள். சித்தி மணப்பாறை முறுக்கு இரண்டு கிலோ கட்டி வைத்திருப்பார், வாங்காவிட்டால் கோபம். மலையில் பூண்டு. அத்தை வீட்டு மாங்காய் ஊறுகாய், மூடி சரியாகத் திருகாத பாட்டிலில். இந்த முறுக்கை வாங்கி வந்து சாத்தூரில் யாருக்குக் கொடுப்பது? சேவுக்கடைத் தெருவில் நின்று முறுக்கு நீட்டினால் என்ன நினைப்பார்கள்?

பிள்ளைகளின் பக்கம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். மகன் பாம்பன் புதுப் பாலம் தூக்குவதைப் பார்க்க வேண்டும் என்கிறான், எந்த நேரத்துக்குத் தூக்குவார்கள் என்று ஷீட்டில் இல்லை. மகளுக்கு மலை வளைவில் குமட்டும், அவளுக்கு ஜன்னல் சீட்டு. மகனுக்குக் குமட்டாது, அவனுக்கும் ஜன்னல் சீட்டு. அம்மாவுக்குக் காற்று வேண்டும். ஒரு காருக்குப் பின்னால் இரண்டு ஜன்னல்தான். திட்டம் போடும் முறையை இந்த இடத்தில்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

இதற்குள் தேனிப் பெரியம்மா போன் பண்ணிவிட்டார். குரூப்பில் ஷீட்டைப் பார்த்திருக்கிறார். "கொடைக்கானல் வரைக்கும் வர்றீக, பெரியம்மா கண்ணுக்குத் தெரியல, இல்ல?" மனைவி மச்சினனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். தேனி போய்த் திரும்பினால் ஞாயிறு ராத்திரிக்குள் ஊர் வந்து சேர முடியாது, திங்கள் காலையில் அச்சகத்தில் இருக்கவேண்டிய ஆள் நான், அதனால் வழியில் சேர்ப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. சேவில் சேர்த்தாயிற்று. ஒரு கிலோ, பூண்டு தூக்கலாக.