போட்டில் சரக்கடிக்கும் கலை: கரிசல்காட்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஓட்டப்பிடாரத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று எவனும் கேட்டுவிட முடியாது. கப்பலே விட்ட ஊர் இது. 1872-ல் இங்கே பிறந்த வ.உ.சி., 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் ஓட்டினார். 1908-ல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நாமும் போட்டில் ஏறி உள்ளே போகலாம். என்ன, நமக்குச் சிலை வைக்க மாட்டார்கள்.

உளுந்தும் பாசியும் வீடு வந்து, கையில் நாலு காசு புரளும் நேரத்தில் மச்சான்மார் நாலு பேருக்குக் கடல் ஞாபகம் வரும். தூத்துக்குடியில் ஒரு பைபர் போட்டைப் பேசி, தங்கூசியில் முள்ளைக் கட்டி, விளமீனும் பாறையும் பிடித்து வருவது திட்டம். இரைக்குக் கணவாய் வாங்க மறந்துவிடுவார்கள். மற்றதை மறக்க மாட்டார்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள் கண்டபடி தடுமாறாமல் முறைப்படி தடுமாற, கீழ்க்கண்ட படிகள் உதவும்.

படி 1: சரக்கை முதல்நாளே வாங்குங்கள்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறது. போட்டுக்காரர் விடியக்காலம் 5 மணிக்கு வந்து நில் என்பார். ஆகவே முதல்நாளே வாங்கிவிட வேண்டும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கடை கிடையாது. உங்களுக்கு லீவு கிடைப்பதும் அன்றைக்குத்தான் என்பதால் இரண்டு நாள் முன்யோசனை தேவை. குடும்பத்தில் வேறு எதற்கும் இவ்வளவு முன்யோசனை செய்ததில்லையே என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

வாங்கும் ஆளுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 4.5 லிட்டர் வரை பிராந்தி, விஸ்கி வகையறா வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதாவது ஆறு ஃபுல். பீர் என்றால் 7.8 லிட்டர், பன்னிரண்டு பாட்டில். நாலு பேர் போனால் 24 ஃபுல்லுக்குச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. போட்டில் இடம் போதாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கரையில் இறக்கி வைக்கலாம்.

வாங்கியதை ராத்திரியே கொஞ்சம் ‘டேஸ்ட்’ பார்ப்பது மரபு. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பதும் மரபு. உடம்பு இந்த மரபைப் படித்ததில்லை. ஏறக்குறைய 65 கிலோ எடையுள்ள ஆள் இரவு 10 மணிக்கு ஒரு குவாட்டரை முடித்தால், விடியக்காலம் 5 மணிக்கு அவர் ரத்தத்தில் இருப்பது சாலையில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவை ஒட்டியே நிற்கும். இரண்டு குவாட்டர் போட்டவர் கணக்குத் தீர மறுநாள் மத்தியானமும் தாண்டும். கடலில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று இவர் சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கும்.

படி 2: ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள்

தூத்துக்குடி மீனவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. அது கோயிலுக்குப் போகிற நாள். திரேஸ்புரத்தில் வள்ளமெல்லாம் கட்டிக் கிடக்கும். கடல் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கரையில் இருக்கும் நாளில், தெரியாதவர்கள் மட்டும் கடலுக்குள் போவதில் ஒரு வசதி உண்டு. குறுக்கே யாரும் வர மாட்டார்கள். கத்தினாலும் வர மாட்டார்கள்.

போட்டுக்காரரிடம் இப்படிப் பேச வேண்டும்: “அண்ணாச்சி, சும்மா ஒரு ரவுண்டுதான். டீசலுக்கு நாங்க பாத்துக்கிடுதோம்.” அவர் உங்கள் பையைப் பார்ப்பார். பைக்குள் கண்ணாடி கண்ணாடியோடு உரசும் சத்தம் அவருக்குக் கேட்கும். “பூசை நாளு தம்பி, ஊருக்குப் போங்க” என்பார். மனம் தளராமல் அடுத்த ஆளைத் தேடுங்கள். கடைசியில் ஒப்புக்கொள்கிறவர் யாரோ, அவருக்குக் கடல் பயம் மிகக் குறைவு என்று அறிக.

மீன்பிடிக்கப் பதிவான படகு மீன்பிடிக்கத்தான், ஆளேற்ற அல்ல. ஆபத்தான நிலையில் இருக்கும் படகிலோ, அளவுக்கு மீறி ஏற்றிய படகிலோ கூலிக்கு ஆளைக் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ம் பிரிவில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. 2017 பிப்ரவரி 26, இதே மாவட்டத்தில் மணப்பாடு கடலில், மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் பத்துப் பேர் கவிழ்ந்து இறந்தார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். அங்கே பேச்சு சாராயத்தைப் பற்றியல்ல, படகு தாங்காத ஆட்களைப் பற்றி. குடிக்காமலே இவ்வளவு நடக்கும் இடத்துக்கு நீங்கள் பாட்டிலோடு போகிறீர்கள்.

படி 3: ஓட்டுகிறவருக்கு ஒரு கட்டிங் கொடுங்கள்

நாலு பேர் குடிக்கும்போது ஒருவர் சும்மா இருப்பது நமக்கு மரியாதையில்லை. ஆகவே சுக்கான் பிடித்திருப்பவருக்கு முதல் கட்டிங். அவர் வேண்டாம் என்றால் “எங்களைப் பிரிச்சுப் பாக்கியளா அண்ணாச்சி?” என்று கண் கலங்க வேண்டும். அப்படியும் மறுத்தால், மாப்பிள்ளை ஒருவர் எழுந்து, “நீங்க உக்காருங்க, நான் ஓட்டுதேன். டிராக்டர் ஓட்டுனவனுக்கு இது என்ன?” என்று சுக்கானை வாங்கிக்கொள்ளலாம். டிராக்டருக்கும் படகுக்கும் ஒரே வித்தியாசம்தான். டிராக்டர் நின்றால் நின்ற இடத்தில் நிற்கும்.

பயப்பட வேண்டாம். சாலையில்தான் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ம் பிரிவு கணக்குப் பார்க்கும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடலில் ஊதச் சொல்ல ஆள் நிற்பதில்லை. அமெரிக்காவில் போட் ஓட்டுகிறவனுக்கும் 0.08 சதவீதம் என்று வரம்பு வைத்து, நடுத்தண்ணீரில் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலின் கேப்டனுக்கும், 2010-ல் மணிலாவில் திருத்தப்பட்ட சர்வதேச விதிப்படி, 0.05 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் கையில் ராடார் உண்டு, வயர்லெஸ் உண்டு, படித்துப் பாஸான சர்டிபிகேட் உண்டு. உங்கள் மாப்பிள்ளையிடம் இதெல்லாம் இல்லை. அதனால்தான் அவருக்கு வரம்பும் இல்லை.

படி 4: பொறுப்பைச் சமமாகப் பங்கு வையுங்கள்

இதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. பாட்டிலைப் பங்கு வைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் வரும். பொறுப்பைப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒன்றும் வராது. போட்டுக்காரர், “காசு கொடுத்தவங்க சொன்னாங்க, போனேன்” என்பார். காசு கொடுத்தவர், “ஓட்டுனது அவரு” என்பார். ஓட்டிய மாப்பிள்ளை, “எனக்கு ஊத்திக் கொடுத்தது மச்சான்” என்பார். மச்சான் தூங்கிக்கொண்டிருப்பார்.

சட்டம் மட்டும் இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்ளாமல் அடம்பிடிக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாகப் படகோட்டினால் நியாய சன்ஹிதா 282-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் 106-ம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. “போதையில் இருந்தேன், ஒன்றும் தெரியாது” என்பது தானாக விரும்பிக் குடித்தவனுக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. தெரியாமலோ பலவந்தமாகவோ ஊட்டப்பட்டவனுக்குத்தான் அந்தச் சலுகை. “மச்சான் கட்டாயப்படுத்தினான்” என்பதைப் பலவந்தம் என்று நீதிபதி ஒப்புக்கொள்வாரா என்று முயன்று பார்க்கலாம். மச்சானும் சாட்சிக் கூண்டுக்கு வருவார். அதற்குப் பிறகு அக்காள் வீட்டுப் போக்குவரத்து நின்றுபோகும்.

படி 5: ஓரத்தில் நின்று ஒன்னுக்குப் போங்கள்

பீர் உள்ளே போனதும் வெளியே வரத் துடிக்கும். மாப்பிள்ளை எழுவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். ஒரு கையில் பாட்டில், ஒரு கை வேட்டியில். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. கால் இரண்டும் பைபர் விளிம்பில், அதில் மீன் செதிலும் ஐஸ் தண்ணியும். காதுக்குள் நிதானத்தைக் காக்கும் உறுப்பு ஏற்கெனவே குடித்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன அலை வந்தால் போதும், மற்றவர்கள் காதில் விழுவது பாட்டில் தண்ணீரில் விழும் சத்தம் மட்டும்தான்.

“எனக்குக் கிணத்துல தலைகீழாக் குதிக்கத் தெரியும்” என்பார் சிலர். கிணற்றுக்குச் சுவர் உண்டு, படிக்கட்டு உண்டு, மேலே நின்று எட்டிப் பார்க்க ஆள் உண்டு. கடலில் விழுந்தவனை விட்டு போட் நகர்ந்துகொண்டே இருக்கும், சுக்கானில் இருக்கும் ஆள் திரும்பிப் பார்க்கும்வரை. அவர் திரும்பிப் பார்ப்பது அடுத்த கட்டிங்குக்காக இருக்கும்.

குடித்தால் குளிராது என்பதும் ஒரு நம்பிக்கை. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு தெரியும், அந்தச் சூடுதான் உடம்பைவிட்டு வெளியேறிக்கொண்டிருப்பது. பகலில் நேர்மாறு. வெயிலும் உப்புக்காற்றும் உறிஞ்சுவது போதாதென்று சரக்கும் உடம்புத் தண்ணீரை வெளியேற்றும். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது நாக்கு வறண்டு மயங்கி விழுவது ஒரு தனிச் சாதனை.

படி 6: காற்றைக் கண்டுகொள்ளாதீர்கள்

ஆனி ஆடியில் நம் காட்டில் புழுதியைக் கிளப்பிக் கண்ணைக் குத்துமே, அதே மேல்காற்றைக் கடற்கரையில் கச்சான் என்பார்கள். கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று அது. இன்ஜின் நின்றுபோய், அதைக் கிளப்பத் தெரிந்தவர் கவிழ்ந்து படுத்துவிட்டால், கச்சான் உங்களைக் கிழக்கே கொண்டுபோகும். அந்தப் பக்கம் இருப்பது இலங்கை. பாஸ்போர்ட் செலவு மிச்சம்.

கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093 என்ற இலவச எண்கள் உண்டு. இவற்றைப் போனில் பதிந்து வைக்காதீர்கள். பதிந்தாலும், பாட்டு கேட்டே சார்ஜைத் தீர்த்துவிடுங்கள்.

படி 7: தீவில் இறங்கிக் கொண்டாடுங்கள்

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான்தீவு முதலான 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. 1986-லிருந்து பாதுகாப்பில் இருப்பவை. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ஆகவே அங்கே இறங்கி, பாட்டிலை உடைத்துப் போட்டு, அந்தக் கண்ணாடியை நீங்களே மிதியுங்கள். கையில் தட்டுப்படும் கடல்குதிரையையோ கடல் அட்டையையோ பிள்ளைக்குக் காட்டலாம் என்று பையில் போட்டால், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி குறைந்தது மூன்று ஆண்டு சிறை. பிள்ளை உங்களைப் பார்க்க வரும்போது காட்டிக்கொள்ளலாம்.

படி 8: கரையேறியதும் பைக்கை எடுங்கள்

இத்தனையும் தாண்டிக் கரை சேர்ந்தவர்களுக்குக் கடைசிக் கட்டம். துறைமுகத்தில் தள்ளாடி வம்பு வளர்த்தால் நியாய சன்ஹிதாவின் 355-ம் பிரிவு காத்திருக்கிறது: 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. சேவை என்று மீன் ஏலக்கூடத்தைக் கழுவச் சொன்னால், அன்றைக்கு மீனைக் கண்ணால் பார்த்த பாக்கியமாவது கிடைக்கும். தப்பித்தவர்கள் மூன்று பேராக பைக்கில் ஏறி, புதியம்புத்தூர் வழியாக ஊருக்குத் திரும்பலாம். இங்கே ஊதச் சொல்ல ஆள் உண்டு.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*கடலில் குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?*
இதைக் கேட்கிறவரிடம் சுக்கானைக் கொடுக்காதீர்கள்.

*பீர் மட்டும் என்றால்?*
650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றே சாலை வரம்பைப் போல மூன்று மடங்கு வரை ஏற்றிவிடும். கரைய ஆறு மணி நேரம் ஆகும். ‘மட்டும்’ என்பதற்கு இங்கே அளவு அவ்வளவுதான்.

*மீன் கிடைக்குமா?*
முள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் கட்டைவிரலில் மாட்டும். எடை நன்றாக இருக்கும்.

ஒத்துவராதவர்களுக்கு மாற்று வழி

சிலருக்கு இந்தக் கலை கைவராது. அவர்கள் இப்படிச் செய்யலாம். முதல்நாள் சாயங்காலமே பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஒரு தூக்கம். ஆளேற்ற அனுமதியுள்ள படகு. வானிலை எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், காலடியில் அல்ல, உடம்பில். ஓட்டுகிறவருக்கு டீயைத் தவிர வேறொன்றும் நீட்டாமல் இருப்பது. “நம்மைக் கேட்க இங்கே ஆளில்லை” என்று யாராவது ஆரம்பித்தால், “அதனாலதான்ல நாமளே கேட்டுக்கிடணும்” என்று சொல்ல ஒரு மச்சான். குடிப்பதாக இருந்தால் வீடு வந்து, மீன் குழம்பு கொதிக்கும்போது.

இந்த வழியில் ஒரு பெரிய குறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன நாலு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வந்து தொலைய வேண்டியிருக்கும்.