கட்டம் போட்ட லுங்கியும் 4.8 ரிக்டரும்

எடிசன், நியூஜெர்சி
7.4.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஒரு டம்ளர்கூட உருளவில்லை. வாட்ஸாப்பில் உனக்கு வந்த, சாய்ந்து நிற்கும் சிவப்புக் கட்டடம் தைவானில் இருக்கிறது. அது புதன்கிழமைப் பூகம்பம். எங்களுடையது வெள்ளிக்கிழமை.

காலை 10.23. அம்பத்தூர் எஸ்டேட் ஆபீசோடு வீடியோ மீட்டிங். திடீரென்று லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல ஓர் உறுமல். முகப்பேரில் வளர்ந்த காது அல்லவா, "தண்ணி லாரி வந்துடுச்சு, குடம் எங்கே?" என்று எழுந்தேவிட்டேன். அதற்குள் மேசை, நாற்காலி, நான் எல்லாம் ஆடுகிறோம். "சார், உங்க வீடியோ ஷேக் ஆவுது, நெட்வொர்க்கைப் பாருங்க" என்கிறான் அம்பத்தூர்ப் பையன். அது ஒன்றுதான் ஆடாமல் இருந்தது.

மையம் ஒயிட்ஹவுஸ் ஸ்டேஷன் பக்கம். (பைடன் வீடு இல்லை, அப்பாவிடம் சொல்.) பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். 1783-க்குப் பிறகு இந்த மாகாணத்தில் இவ்வளவு பெரிதாக வந்ததில்லையாம். கிழக்குக் கரைப் பாறை பழசு, கெட்டி. எவர்சில்வர் அண்டாவை ஓரத்தில் தட்டினால் முழுக்க அதிருமே, அந்தக் கதை. ரீடிங்டனில், ஜார்ஜ் வாஷிங்டன் படைக்கு மாவு அரைத்த மில்லின் கல்சுவர் சரிந்தது.

2001 செப்டம்பர் 25 ராத்திரி நினைவிருக்கிறதா? புதுச்சேரிக் கடலில் 5.5; நம் தெரு மொத்தமும் வாசலில். நீ ஹவுசிங் போர்டு அலாட்மென்ட் ஆர்டரை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாய். அப்பா படுத்தபடியே "ஃபேன் பேரிங் போச்சு" என்றார். இங்கே புல்வெளியில் நான் ஒருத்தன்தான். மேலே ஆபீஸ் சட்டை, கீழே லுங்கி, கையில் லேப்டாப். கேமராவை அணைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, கையசைத்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

நியூயார்க்காரர்கள் போனுக்கு அரசாங்க எச்சரிக்கை ஏறக்குறைய 40 நிமிஷம் கழித்து வந்தது. நம் தெருக் கூர்க்கா திருடன் போனபிறகு விசில் ஊதுவாரே, அவர் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொன்று, 3.8. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, நின்றதும் பெருங்காயம் போட்டேன். பழகிவிட்டது.

நாளைக்குச் சூரிய கிரகணம் வேறு. முகப்பேரில் தெரியாது, நீ பட்டினி கிடக்க வேண்டாம். இங்கே ஊறுகாய் பாட்டிலில் போட தர்ப்பை கிடைக்கவில்லை. கொத்தமல்லித் தண்டு ஆகுமா? போனில் சொல்.

உன் அன்பு மகன்