எலிக்குப் பேர் பார்க்கும் தம்பிக்கு

என்ன தம்பி, செத்த எலி ஒண்ணை வரம்புல கிடத்தி வச்சுப் போன்ல படம் புடிக்கிறே? பெரிய பெருச்சாளியா, அகழானான்னு காலையிலிருந்து விசாரணையாம். இங்க வில்கமுவ வயல்ல கதிர் முத்தி நிக்குது. உன் விசாரணை முடியிற வரைக்கும் மத்த எலியெல்லாம் பட்டினி கிடக்குமா?

சரி, கேட்டுட்டே. சொல்றேன். ரெண்டும் பங்காளிங்கதான். பெரிசு ஒரு கிலோவைத் தொடும். அகழான் முந்நூறு கிராம் வந்தாலே கொழுத்த சாதி. அதுக்காகத் தராசைத் தூக்கிக்கிட்டு ஓடாதே. பெரிசோட குட்டியும் ஒரு நாள் அந்த எடையில இருந்ததுதானே? பின்னங்கால் பாதத்தைப் பாரு. நாலு சென்டிமீட்டருக்குள்ளன்னா அகழான். அஞ்சைத் தொட்டா பெரிசு. இதுக்கு எதுக்குடா இன்டர்நெட்?

பெரிசுக்கு வெள்ளைக்காரன் 1800-லயே பேர் வச்சுட்டானாம். சின்னதுக்கு வைக்க இன்னும் முப்பது வருசத்துக்கு மேல ஆச்சாம். பாவம், அதுவரைக்கும் பேரில்லாமலே நம்ம நெல்லைத் தின்னிருக்கு!

பெரிசு வீட்டுப் பக்கம், வாய்க்கால் ஓரம், குப்பைமேடுன்னு திரியும். அகழான்தான் வயலுக்கு எமன். தண்டை அடியிலேயே வெட்டிச் சாய்க்கும். வரம்புக்குள்ள வளை தோண்டும். விலை ஏறட்டும்னு மூட்டையைப் பதுக்குற முதலாளி மாதிரி உள்ள கதிரை அடுக்கிட்டு, வாசலையும் மண்ணால அடைச்சுக்கும். புது மண் குவிஞ்சு கிடக்கா? அங்க மண்வெட்டியைப் போடு. வளைக்குள்ள கதிர் இருந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். வஸ்கமுவக் காட்டு யானை இறங்கினா வேட்டுப் போடுறோம், ஊரே கூடுது. இவருக்கு யார் வேட்டுப் போடுறது? வரம்பு ஓட்டையாகித் தண்ணி வடிஞ்ச பிறகுதானே முழிக்கிறோம்!

அது கிடக்கட்டும். வெறுங்கையாலயா அந்தச் செத்த எலியைத் தூக்கினே? 2008-ல நம்ம இலங்கையில ஏழாயிரம் பேருக்கு மேல எலிக்காய்ச்சல். நம்ம மாத்தளைப் பக்கமும் விடல. எலி மூத்திரம் கலந்த சேத்துல காயக்காலை வச்சவன்கிட்ட, நான் பெரிசோட கிருமியா சின்னதோட கிருமியான்னு சொல்லிட்டா அந்தக் கிருமி உள்ள போச்சு? கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு. குதிகால்ல பித்தவெடிப்பு வேற வாயைத் திறந்துகிட்டு இருக்கு. வயல்ல இறங்க முந்தி போட்டுக்கன்னு சுகாதாரப் பரிசோதகர் ஐயா குடுத்த எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை எங்கடா? அதையும் படம் புடிச்சுட்டு மேசையிலேயே வச்சுட்டியா?