கம்பி வாடகைப் புராணம்

1875-இல் பாசிர் சாலாக் ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருந்த பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பேர்ச் துரையை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மறு வருஷமே கோலகங்சாரிலிருந்து தைப்பிங்குக்குத் தந்திக் கம்பி இழுத்துவிட்டார்கள். துரையோடு துரை பேச எவன் வாடகை கேட்பான்? அந்த வியாதி அன்று பேராக்கில் இல்லை.

வந்தது நம் சுங்கை சிப்புட் சாமிவேலு தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது. 1990-இல் அரசாங்கத் தொலைபேசி நிறுவனமான தெலிகோம் பங்குச் சந்தைக்குப் போனது. பின்னாலேயே பினாரியாங், முத்தியாரா என்று தொலைத்தொடர்பு உரிமக்காரர்கள் கிளம்பினார்கள். உரிமம் எல்லார் கையிலும். வீட்டு வாசல்வரை போகும் கம்பியோ தெலிகோம் கையில். தன் வாடிக்கையாளரைப் பறிக்க வருகிறவனுக்கு எந்த முதலாளி கம்பியைச் சல்லிசாகத் தருவான்? ஆக, அந்தக் கம்பி வாடகைக்கு விலை வைக்கும் வேலையும் 1998-இல் பிறந்த தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலையில் விழுந்தது.

தெலிகோமின் சொந்தக் கணக்கை நம்பினால் அதன் தண்டச் செலவெல்லாம் வாடகையில் ஏறும். அதனால் ஒரு தப்பும் செய்யாத கற்பனைக் கம்பெனி ஒன்றைக் கணினியில் கட்டி, அதற்கு ஆகும் செலவுதான் வாடகை என்றார்கள். வடிந்த கித்தாப் பாலை நிறுக்காமல், நல்ல மரமாயிருந்தால் எவ்வளவு வடிந்திருக்கும் என்று தோட்டக் கிராணி எழுதிக்கொண்டு போவதைப் போல. இதில் நாட்டுக்கெல்லாம் ஒரே சராசரி வேறு. கோலாலம்பூர் அடுக்குமாடியில் ஒரு கம்பிக்கு நூறு வீடு. தாப்பாவைத் தாண்டித் தோட்டப் பக்கம் போனால் ஒரு வீட்டுக்குப் பத்துக் கம்பம். சராசரி வாடகைக்கு அங்கே கம்பம் நட எவனுக்குப் பைத்தியம்?

2008-இல் அரசாங்கம் 240 கோடி வெள்ளி போட்டுத் தெலிகோமைக் கண்ணாடி இழை பதிக்கச் சொன்னது. 2010-இல் அந்த இழையில் தெலிகோமின் யூனிஃபை இணையம் வந்தது: 5 எம்பிபிஎஸ், மாதம் 149 வெள்ளி. முதல் விருந்து ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பங்சாருக்கு. வரிப்பணம் கலந்த அந்த இழை ஆணையத்தின் அணுகல் பட்டியலில் ஏறியது 2015-இல்; அதன் மொத்த விலைக்குக் கடிவாளம் விழுந்தது 2018-இல். பத்து வருஷம்! அதற்குள் ஒரு கித்தா மரம் கன்றாக நட்டுப் பால் வெட்டும் வயதையே தாண்டியிருக்கும்.

கடிவாளம் விழுந்ததும் போட்டி நிறுவனமான மேக்சிஸ் இழை இணையத்தை மாதம் 89 வெள்ளிக்கு இறக்கியது. தெலிகோம் பங்கு அந்த வருஷமே பாதிக்கும் கீழே சரிந்தது. இழை எட்டாத ஊர்க்காரர்களோ தெலிகோமின் பழைய செப்புக் கம்பி இணையமான ஸ்ட்ரீமிக்ஸுக்குப் பழைய காசையே கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டணத்துக்காரன் குறைந்த காசுக்கு முப்பது எம்பிபிஎஸ் வாங்க, இவர்கள் அதிகக் காசுக்கு நத்தை வளர்த்தார்கள்.

2019-இல் ஸ்ட்ரீமிக்ஸும் 69 வெள்ளிக்கு வந்தது. அதற்குக் காரணம் ஆணையத்தின் கணினி இல்லை; அன்றைய தொடர்பு, பல்லூடக அமைச்சர் கோபிந்த் சிங் போட்ட சத்தம்.