ரோட்டை உட்டு எறங்க எவ்ளோ?

வா தம்பி, இப்படி நெழல்ல உக்காரு. மொதல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு. நீ என்னைப் பாக்குறியா, எதுத்தாப்புல படுத்திருக்கிற நாயைப் பாக்குறியான்னு தெரியல. கையில இன்னா அது, இத்தாம்பெரிய பாட்டலு? தண்ணியா? கடலோரத்துக்கு வரும்போதே தண்ணி கட்டிக்கினு வந்துட்டியா. சரி, அந்த மட்டுக்கும் புத்தி இருக்குது.

மரக்காணத்துல ஜீப்பு டூரு உடப் போறியாமே, பேராண்டி சொன்னான். அவன் சிநேகிதன்தானே நீ? நானும் போன தை மாசம் அவனோட ஒரு ஜீப்பு டூரு போயிட்டு வந்தவன்தான். அதைக் கேட்டுட்டு அப்பால உன் பிளானைச் சொல்லு.

பேராண்டிக்கு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. உக்காந்து உக்காந்து முதுகு புடிச்சுக்கிச்சு. டாக்டரு, குலுங்காம இருப்பான்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு. இவன் இன்னா பண்ணான்? காசு கட்டி குலுங்கப் போனான். "தாத்தா, தனுஷ்கோடிக்கு ஆஃப்ரோடு டூரு. அரை நாளு. நீயும் வா"ன்னான். ஆஃப்ரோடுன்னா இன்னாடா? "ரோடு இல்லாத எடத்துல ஜீப்புல போறது தாத்தா." சிரிப்பை அடக்க முடியல எனக்கு. இந்த எக்கியார்குப்பத்துல பொறந்தவனுக்கு ரோடு இல்லாத எடத்தைக் காட்டப் போறானாம்! உங்க ஆயாவைக் கட்டிக்கினு நான் கூட்டியாந்தப்ப, மாட்டு வண்டி மணல்ல பொதைஞ்சு, பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் எறங்கித் தள்ளினோம். அதுக்கு எவனும் எங்ககிட்ட டிக்கெட்டு கேக்கல.

சரி, பேரன் ஆசைப்படறான்னு கெளம்பினேன். பேராண்டியும் அவன் கூட்டாளிங்களும் எழும்பூர்ல ஏற, நான் விழுப்புரத்துல ஏறினேன். ரயில் பேரு போட் மெயிலாம். போட்டு எங்கடான்னா முழிக்கிறானுங்க. கேளு. 1914-ல பாம்பன் பாலத்தைத் தொறந்தான் வெள்ளக்காரன். அப்போ எழும்பூர்ல ஏறினவன் நேரா தனுஷ்கோடியில எறங்குவான். அங்க கப்பல் ஏறி தலைமன்னாரு. மறுபடி ரயிலு, கொழும்பு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டு. 1964-ல புயலு தனுஷ்கோடியையே தூக்கிக்கினு போயிடுச்சு. அப்பால ராமேஸ்வரத்துல இருந்து கொஞ்ச காலம் கப்பலு ஓடிச்சு. எண்பதுகள்ல சிலோன்ல சண்டை வந்து அதுவும் நின்னுச்சு. மாடு செத்து நாப்பது வருஷம், இன்னும் அது மாட்டுக் கொட்டாயி! அந்தக் கதைதான் போட் மெயிலு.

விடியக்காலம் புதுப் பாலத்து மேல ரயில் போவுது. 2025 ஏப்ரல்ல தொறந்த பாலம், கப்பலு வந்தா நடுவுல ஒரு துண்டு அப்படியே மேல ஏறுமாம். பக்கத்துல நூறு வருஷத்துப் பழைய பாலம், வேலையை உட்டு நின்ன பெரியவன் மாதிரி நிக்குது. நான் ஜன்னல்ல மூஞ்சை வெச்சுக்கினு பாக்குறேன். நம்ம வீரனுங்க வாயைத் தொறந்து தூங்கறானுங்க. ராமேஸ்வரத்துல எறங்கினப்பறம், அதே பாலத்தை ஃபோன்ல போட்டு "சூப்பரா இருக்குல்ல"ன்னு காட்டுறான் ஒருத்தன். இன்னா சொல்றது?

ஜீப்பு வந்துச்சு. அதுக்கு மூக்குல ஒரு கொழாயி, மேல பாத்து தூக்கி வெச்சிருக்கு. ஆத்துல முழுகினாலும் வண்டி மூச்சு விடுமாம். எந்த ஆத்துலடா? இந்தத் தீவுல எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆறும் இல்லியேன்னேன். டிரைவரு தம்பி என்னை ஒரு மாதிரி பாத்தான். பட்டாளத்துக்காரன் மாதிரி பேண்ட்டு, காலுக்கு ரப்பர் செருப்பு.

போற வழியில கோதண்டராமர் கோயிலு. 64 புயல்ல தப்பிச்சு நின்ன கோயிலுன்னு சொல்றாங்க. கும்புட்டு வந்தோம். அப்பால முகுந்தராயர் சத்திரம். அங்க இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டரு தாரு ரோடு. 2017-ல தொறந்தாங்க. ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரோடு. டம்ளர்ல டீயை வெச்சா அலுங்காது. எனக்குன்னா கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ நல்ல ரோடு.

அந்த ரோட்டை உட்டு பொசுக்குன்னு மணல்ல எறக்கினான்யா டிரைவரு! முன்னாடி பின்னாடி போலீசு வருதான்னு பாத்துட்டு எறக்குறான். டேய், ரோடு அங்க இருக்குதுடான்னு கத்துறேன். பின்னால உக்காந்திருந்ததுங்க எல்லாம் ஊ ஊன்னு கூவுதுங்க. சின்னப் புள்ளைங்க ஆயா முதுகுல உப்பு மூட்டை ஏறுமே, பாத்திருப்ப. மீசை மொளைச்சவனெல்லாம் ஆளுக்கு இவ்ளோன்னு காசு குடுத்து உப்பு மூட்டை ஏறினதை அன்னிக்குத்தான் பாத்தேன். உப்பளத்துக்காரன் நான், அசல் உப்பு மூட்டையை முதுகுல ஏத்தினவன். எவன் எனக்குக் காசு குடுத்தான்?

அந்த ரோடு வர்றதுக்கு முன்னாடி சத்திரத்துல இருந்து பழைய வேனுதான். ஜன்னலு இருக்காது, கதவு கவுத்துல கட்டியிருக்கும். கோயிலுக்கு வந்த ஜனமும் மீன் கூடையும் ஒண்ணா ஏறி, மணல்லயும் சேத்துலயும் ஆடிக்கினு போவும். அரிச்சல்முனையில மீன் வறுத்துக்கினு இருந்த ஒரு அம்மா சொல்லிச்சு: "எம்மவனுக்கு இடுப்பு வலி வந்தப்ப அதுலதான் போனேன், பெரியவரே. ஆஸ்பத்திரிக்கு முன்னாடி வேனுலயே பொறந்துருவானோன்னு பயம்." ஐம்பது வருஷத்துக்கு மேல ஒரு ரோட்டுக்குக் காத்துக்கினு இருந்த ஜனம் அது. நம்ம ஆளுங்க இன்னாடான்னா, அப்படி வந்த ரோட்டை உட்டு எறங்குறதுக்கு பீசு கட்டுறாங்க.

கால் மணி நேரம்கூட ஆவல. ஜீப்பு பொதைஞ்சுது. ஆக்ஸிலேட்டரை அழுத்துறான், சக்கரம் சுத்துது, நண்டு வளை தோண்டுற மாதிரி கீழ போவுது. எல்லாரும் எறங்கித் தள்ளுறானுங்க. தள்ளுறவன் நாலு பேரு, அதைப் படம் புடிக்கிறவன் அஞ்சு பேரு. நான் போயி, "தம்பி, டயர்ல பாதிக் காத்தை எறக்கு. டயரு அகலமானா மணலு தாங்கும். சவுக்கு மெலாறு ரெண்டு வெட்டிப் போட்டு ஏத்து"ன்னேன். மொதல்ல காதுல வாங்கல. சட்டை நனைஞ்சப்பறம் வாங்கினான். கட்டுமரத்தைக் கரையேத்துனவனுக்கு மணலோட மனசு தெரியாதா? கனத்தை ஒரே எடத்துல வெச்சா முழுங்கும், பரத்தி வெச்சா தாங்கும். இதை அவனுங்க "தாத்தா ஹேக்"குன்னு போட்டானுங்களாம். ஆயிரம் பேரு பாத்தாங்களாம். ஒருத்தனும் வந்து தள்ளல.

அப்பால பழைய ஊரு. சர்ச்சு இருக்குது, கூரை இல்லாம. பவளப் பாறையில கட்டின செவுரு. ரயில் டேசனு இருந்த எடத்துல ரெண்டு மூணு தூணு. டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் வண்டி, 653-ன்னு நம்பரு, தனுஷ்கோடிக்குக் கிட்ட வந்து நின்னுச்சு. சிக்னல் விழல, இருட்டு. ஒரு அலை வந்து இன்ஜினோட பெட்டியெல்லாம் இழுத்துக்கினு போயிடுச்சு. நூறு பேருக்கு மேல அதுல. ஒருத்தன் கரையேறல. ஊருல செத்தது ஆயிரக் கணக்குல. அப்பால சர்க்காரே, இது ஆளு குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு எழுதிடுச்சு.

இதைச் சொல்ல வேண்டிய கைடு இன்னா சொன்னான் தெரியுமா? அமாவாசை ராத்திரி சர்ச்சு மணி தானா அடிக்குமாம். மணியே இல்லியேடா, எதை அடிக்கும்? ஒரு பொண்ணு அந்த செவுத்து மேல சாஞ்சு உதட்டைக் குவிச்சுக்கினு நிக்குது, இன்னொரு பொண்ணு படம் எடுக்குது. நான் ஒண்ணும் சொல்லல. 2004 டிசம்பர் 26 காலையில எங்க குப்பத்துலயும் கடலு ஊட்டுக்குள்ள வந்து போச்சு. எங்க ஊட்டு செவுத்துல தண்ணி நின்ன அடையாளம் ரொம்ப நாளு இருந்துச்சு, ஆயா சுண்ணாம்பு அடிக்கவே உடல. அதும் முன்னாடி நின்னு எவனாவது உதட்டைக் குவிச்சிருந்தா, உப்பு வாருற வாருபலகையாலயே ஒண்ணு வெச்சிருப்பா.

போவட்டும். அங்க நான் பாத்தது ஒண்ணே ஒண்ணு. அது டூருல இல்ல, கைடு காட்டவும் இல்ல. கடலுக்கு நாப்பது அம்பது அடி தள்ளி, ஒரு பொம்பள மணல்ல குழி பறிச்சு, கொட்டாங்குச்சியில தண்ணி மோந்து கொடத்துல ஊத்துது. குடிச்சுப் பாத்தேன். தேனு! ரெண்டு பக்கமும் கடலு, ஊத்துல நல்ல தண்ணி. இதுல மாயம் ஒண்ணும் இல்ல, கேளு. மழைத் தண்ணி மணல்ல எறங்கும். உப்புத் தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. பால் மேல ஆடை மாதிரி மேலாப்புல மிதக்கும். கை ஆழம், இடுப்பாழம் தோண்டி மோந்துக்கணும். பேராசை புடிச்சு ஆழமாப் போனியோ, உப்பு ஏறிடும். நாங்க மரக்காணத்துல உப்புத் தண்ணிக்கு ஆழமா போரு போடுறோம். அவங்க நல்ல தண்ணிக்கு மேலாப்புல கீறுறாங்க. ரெண்டும் ஒரே பாடம்தான். பேராண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டலை எடுத்து ஒரு முழுங்கு குடிச்சுட்டு, "நைஸ் தாத்தா"ன்னுட்டுப் போயிட்டான். பாட்டலு இருபது ரூபா.

அரிச்சல்முனையில அசோகத் தூணைச் சுத்தி வண்டி திரும்பற எடத்துல ஜாத்திரை கூட்டம். அந்தாண்ட பக்கம் ஆண்கடலு, சீறுது. இந்தாண்ட பெண்கடலு, சாந்தமா இருக்குது. அப்படித்தான் அந்த ஊருக்காரங்க சொல்றாங்க. எங்க ஊட்டுல வேற மாதிரின்னேன், மீன்கார அம்மா சிரிச்சுச்சு. தூரத்துல பெண்கடல் பக்கம் பூநாரைங்க கூட்டமா மேயுது. இப்ப அதுக்கு சரணாலயம்னு அறிவிச்சிருக்காங்க. நம்ம ஜீப்பு உர்ர்ருன்னு போனதும் அவ்ளோவும் எழும்பிடுச்சு. ஆயிரம் மைலு பறந்து வந்து வாயில எரை வெக்கிற நேரத்துல இவன் போயி எழுப்புறான். "வாவ்"ங்குதுங்க எல்லாம். அது பயந்து பறக்குறதுப்பா, உனக்கு டான்ஸ் ஆடல.

ராத்திரி ரயில்ல பேராண்டி வேற ஒரு ஊரைக் காட்டுறான் ஃபோன்ல. அரூபாவாம். கரீபியன் கடல்ல டச்சுக்காரன் பிடிச்ச தீவு. மழை கம்மி, சப்பாத்திக் கள்ளியும் கத்தாழையும். அங்கயும் அரை நாளு ஜீப்பு டூரு. இன்னா காட்டுவாங்கன்னு கேட்டேன். ஒரு லைட்டவுசு, ஒரு சின்ன சர்ச்சு, தங்கம் உருக்கின ஆலையோட இடிஞ்ச செவுரு. அப்பால அலை குடைஞ்சு குடைஞ்சு கல்லுல தானா ஆன ஒரு பாலம். சரி, பாலத்தைக் காட்டுடான்னேன். "அது 2005-லயே இடிஞ்சுடுச்சு தாத்தா." அப்போ எதைக் காட்டுறான்? "இடிஞ்ச எடத்தை. பக்கத்துல ஒரு குட்டிப் பாலம் இருக்கு." பாத்துக்க! உலகம் பூரா ஒரே யாவாரம். இடிஞ்சது எதுவா இருந்தாலும் அங்க ஒரு ஜீப்பு நிக்குது. குடிக்கிற தண்ணி கூட கடல்தண்ணியில உப்பை எடுத்துத்தானாம் அந்த ஊர்ல. ஊத்துக் குழி பறிக்கிற பொம்பளையை அங்க அனுப்பினா கவர்மெண்டு உத்தியோகம் குடுப்பான்.

இப்ப உன் பிளானுக்கு வா. ஃபோனைத் தா, பாக்குறேன். காலையில ஆலம்பரைக் கோட்டை. சரி, வெள்ளக்காரன் 1760-ல இடிச்சுட்டுப் போனது, மிச்சத்தை சுனாமி பாத்துக்கிச்சு. உன் யாவாரத்துக்குத் தோதுதான். அப்பால கழுவேலி, பறவை. 2021-ல அதுவும் சரணாலயம். ஜீப்பை ஏரிக்குள்ள உடலாம்னு நெனைக்காத, களிமண்ணு. அது தனுஷ்கோடி மணலு இல்ல, சவுக்கு மெலாறுக்கெல்லாம் மசியாது. ஜீப்போட மூக்குக் கொழாயி மட்டும் வெளிய தெரியும். நாரைங்களுக்கு உக்கார ஒரு எடம் ஆச்சு.

மூணாவது இன்னா எழுதியிருக்க? "உப்பளத்தில் ட்ரிஃப்டிங்." அது இன்னா? வண்டியை வட்டமா சறுக்குறதா? பாத்தியில?

கண்ணு, இங்க வா. என் காலைப் பாரு. இந்த வெடிப்பு தெரியுதா? தை மாசம் பாத்தியைக் கட்டி, களிமண்ணைப் போட்டு, நாளு கணக்கா இந்தக் காலால மிதிப்போம். மிதிச்சு மிதிச்சு சிமெண்டு தரை மாதிரி ஆவணும். இல்லாட்டி உப்பு சேறோட வரும், ஒருத்தன் வாங்க மாட்டான். அப்பால தண்ணி பாய்ச்சி, காய உட்டு, விடியறதுக்கு முன்னாடி வாருபலகையால வாரணும். ஏழு மணிக்கு மேல வெள்ளை வெயிலு கண்ணை அவிச்சுடும். ஐப்பசி மழை வந்தா எல்லாம் கரைஞ்சு போவும், மறுபடி மொதல்ல இருந்து மிதி. மூவாயிரம் ஏக்கருக்கு மேல இப்படிக் காலால மிதிச்ச தரை அது. அதுல உன் ஜீப்பு வட்டம் போட்டா, அன்னிக்கே உன் டூரு ரோட்டை உட்டு எறங்கிடும், நீ மட்டும் ரோட்டுல ஓடுவ. பின்னால இந்தக் குப்பத்துப் பொம்பளைங்க வருவாங்க.

கடற்கரை மணலா? அதுவும் வேணாம். அடம்பங்கொடி படர்ந்திருக்குதே, அதுதான் இந்த மணலைப் புடிச்சு வெச்சிருக்குது. தை, மாசியில ஆமை முட்டை வெக்க ஏறும். ஜீப்புக்குக் கீழ கெடக்கிற முட்டை கத்துமா?

மூஞ்சைத் தூக்காத. உனக்கு நான் ஒரு டூரு சொல்றேன். அரை நாளு. காலையில மூணரைக்கு எங்க ஊட்டு வாசல்ல நில்லு. செருப்பு வேணாம். கண்ணாடி வேணும்னா போட்டுக்க, வெயில் ஏறினப்பறம் அதுக்கு அங்க வேலை இருக்குது. உனக்கு ஒரு பாத்தி, ஒரு வாருபலகை. ஏழு மணிக்கு ஆயா கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் கொண்டாருவா. டிக்கெட்டு கிடையாது. மேஸ்திரி நல்ல மனசுல இருந்தா உனக்குக் கூலிகூடக் குடுப்பான்.

இன்னா? அங்க சிக்னலு கெடைக்குமாவா கேக்குற?