தங்கைகள் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஓவியங்களைக் காத்தருளும் மாட்சிமை தங்கிய அலுவலகம்
பொருள்: தங்கையர் நலன்

காரைக்குடியில் மாட்சிமை தங்கிய அலுவலகம் அண்மையில் நடத்திய கண்காட்சியில், மங்களாபாய் தம்புராட்டி தீட்டிய ரவிவர்மா உருவப்படத்தின் நகலுக்குக் கீழே "ரவிவர்மாவின் தங்கை வரைந்தது" என்று மட்டும் அட்டை ஒட்டப்பட்டிருந்ததும், பெயரைச் சேர்க்கக் கோரிய மனு "உறவுமுறை சரியாகவே உள்ளது" என்ற குறிப்புடன் திரும்பி வந்ததும் செட்டிநாட்டாரை மெய்சிலிர்க்க வைத்துள்ளன. வரையப்பட்டவருக்கும் வரைந்தவருக்கும் சேர்த்து ஒரே பெயரில் காரியத்தை முடித்துக்கொண்ட சிக்கனம் வேறெந்த அலுவலகத்துக்கும் கைவராது.

1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் ஓலியோகிராப்புகள், அதாவது எண்ணெய்வண்ண ஓவியத்தைப் போலத் தோன்றும்படி கல்லச்சில் எடுக்கப்பட்ட படங்கள், செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் தொங்கி, பங்கு பிரிந்தபின் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தவை. அங்குள்ள வியாபாரிகூடப் படத்தின் அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். அலுவலகமோ ஓவியரின் பெயரே தேவையில்லை என்னும் ஞானநிலையை எட்டிவிட்டது.

ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜ வர்மா (1860–1905) அண்ணனுடன் ஊர் ஊராகச் சென்று வரைந்தார். அவருடைய நாட்குறிப்புகூட நூலாக அச்சேறியிருக்கிறது. அந்தப் பயணங்கள் வாய்க்காத மங்களாபாய் வரைந்தும் தங்கையாகவே எஞ்சினார்.

அரசுப் பட்டியலிலும் தங்கையர் நிலை இதுவே. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, மறைந்த ஓவியரின் படைப்பை அரசு 'கலைச்செல்வம்' என அறிவித்தால் அதை வெளிநாட்டுக்கு விற்றனுப்ப முடியாது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட ஒன்பது ஓவியர்களுள் ரவிவர்மா இருக்கிறார். ககனேந்திரநாத் தாகூரும் அபனீந்திரநாத் தாகூரும் இருக்கிறார்கள். அவ்விருவரின் தங்கையும் ஓவியருமான சுனயனி தேவி (1875–1962) இல்லை. பட்டியலில் இரண்டு அண்ணன்கள் இருப்பதால் அவரை இரட்டைத் தங்கை என்றே கொள்ளலாம். பட்டியலிலுள்ள ஒரே பெண்ணான அம்ரிதா ஷேர்-கில் தப்பியதற்கு, அவருக்கு ஓவியரான அண்ணன் எவரும் இல்லாத நல்லூழே காரணம் போலும்.

பெயர் பதியப்படாத ஓவியம் ஒரு தலைமுறைக்குள் அண்ணன் கணக்கில் ஏறிவிடும், அல்லது கித்தான் பூஞ்சை பிடித்துக் கிடங்கில் மட்கும். அட்டையில் பெயர் விடுபட்டது மறதி அன்று, திமிர். பெயர் தெரிந்தும், கேட்டுக்கொண்ட பிறகும் எழுத மறுப்பதற்கு வேறு சொல் இல்லை. இத்தகைய கடுஞ்சொல்லைப் பொறுத்தருளும் பெருந்தன்மை, தங்கையரைக் கண்ணின் மணியாகப் போற்றும் அலுவலகத்துக்கு உண்டென்பதை நாடறியும்.

ஆகவே, கண்காட்சி அடுத்த ஊருக்குப் புறப்படுமுன் அட்டையிலும், நகலின் பின்புறத்திலும், அலுவலகப் பதிவேட்டிலும் 'மங்களாபாய் தம்புராட்டி, கிளிமானூர்' என எழுதப்பட வேண்டும். உறவுமுறை கட்டாயம் என்றால், ரவிவர்மாவின் படங்களுக்குக் கீழே 'மங்களாபாயின் அண்ணன் வரைந்தது' என எழுதுவதில் செட்டிநாட்டாருக்கு ஆட்சேபணை இல்லை.