சேர்த்து வைக்கும் மூவர்

கேள்வி: கொரிய மொழியில் 'உம்' என்று சொல்ல மூன்று ஒட்டுகள் எதற்கு? ஒன்று போதாதா?

பதில்: பொருளுக்கு ஒன்றே போதும், பேசுபவரின் தோரணைக்குத்தான் மூன்று தேவைப்படுகின்றன. பெயர்ச்சொல்லின் பின் ஒட்டும் இவ்விடைச்சொற்களுள் 'வா/குவா' எழுத்துக்கும் மேடைக்கும், 'ஹாகோ' அன்றாடப் பேச்சுக்கும், 'ராங்/இராங்' நெருங்கியவர்களின் அரட்டைக்கும் உரியவை. உயிரொலியில் முடியும் சொல்லை 'வா'வும் மெய்யொலியில் முடிவதைக் 'குவா'வும் தொடர்வதால், பாலும் ரொட்டியும் 'உயுவா ப்பாங்' என்றும், வரிசை மாறினால் 'ப்பாங்குவா உயு' என்றும் ஒலிக்க, 'ஹாகோ' மட்டும் எதனோடும் உருமாறாமல் ஒட்டிக்கொள்கிறது. எண்ணும்மைக்கு, அதாவது பெயர்களை அடுக்குவதற்கு, 'உம்' என்றும் உடன்நிகழ்ச்சிக்கு 'ஓடு' என்றும் தமிழ் பிரித்துக் கொடுத்த இரு வேலைகளையும் கொரியத்தில் இவையே பார்க்கின்றன. 'சிங்குராங்' என்றால் நண்பரோடு. தேர்வுக் கட்டுரையில் அப்படி எழுதினால் நண்பர் வருவார், மதிப்பெண் வராது.